சுயாதீனக் காமிக்ஸ் புதுவரவுகள்: ஒரு பக்கத்தையாவது காட்டும் குறுமதிப்புரைகள்

நாற்கட்டம்:

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த சுயாதீனக் காமிக்ஸ்களுக்குக் குறுமதிப்புரைகள் எழுதிச் சேர்ப்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். தொடங்கும்போதே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். இத்தகைய நூல்களுக்கு நாம் எழுதும் குறிப்புகளில் பெரும்பாலானவை கதையை ஐந்தாறு வரிகளில் சுருக்கிவிட்டு, 'ஓவியங்கள் கண்ணைக் கவர்கின்றன' என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துபோகின்றன. காமிக்ஸில் கதையை நடத்திச் செல்பவை கட்டத்தின் அகலமும், இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடமும், கோட்டின் தடிப்பும், எழுத்து அமர்ந்திருக்கும் இடமும்தான். இவற்றைத் தொடாமல் எழுதப்படும் மதிப்புரையை வாசித்துவிட்டு நூலைத் தேடிப் போகிறவர், தாம் எதைத் தேடிப் போகிறோம் என்பதே தெரியாமல்தான் போகிறார். ஆகவே எவ்வளவு சுருக்கமாக எழுதினாலும், நூலின் ஒரு பக்கத்தையாவது வாசகர் மனக்கண்ணில் காணும்படி விவரித்துவிடுங்கள். மூன்று நூல்களோடு நானே தொடங்குகிறேன்.

டேனியல் க்ளோவ்ஸின் 'மோனிகா', 2023, ஃபேண்டாகிராஃபிக்ஸ் வெளியீடு. ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஒன்பது கதைகள் கொண்ட இந்நூல் 2024இல் பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் தங்க விருதைப் பெற்றது. முதல் கதை வியட்நாம் போர்க்களத்தில், பதுங்குகுழிக்குள் இரண்டு சிப்பாய்கள் பேசிக்கொண்டிருப்பதோடு தொடங்குகிறது. அடுத்து வருவது, மகள் மோனிகாவைத் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டு மறைந்துபோகும் ஒரு தாயின் கதை. ஒவ்வொரு கதையும் பழைய காமிக்ஸ் இதழ்களின் ஒவ்வொரு வகைமையை, போர்க்கதை, திகில்கதை, காதல்கதை என்று, மேலே போர்த்திக்கொண்டு வருவதால் எதை நம்புவது என்ற கலக்கம் வாசகரை விட்டு அகல்வதே இல்லை. மோனிகா ஒரு பழைய வானொலிப் பெட்டியில் இறந்துபோன தாத்தாவின் குரலைக் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். பெட்டியை எத்தகைய சீரான, சலனமற்ற கோட்டால் வரைகிறாரோ, அதே கோட்டால்தான் அவளுடைய முகத்தையும் வரைகிறார் க்ளோவ்ஸ். நடப்பது அதிசயம் என்று ஓவியம் எங்கும் குரலை உயர்த்தவில்லை. அச்சம் அங்கிருந்துதான் பிறக்கிறது. தவறவிடக்கூடாத நூல்.

ஒலிவியர் ஸ்க்ராவனின் 'சண்டே', 2024. தம் உறவினர் ஒருவர் வீட்டில் தனியாகக் கழிக்கும் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையை ஏறத்தாழ 470 பக்கங்களில் வரைந்திருக்கிறார். அந்த மனிதர் எதையுமே சாதிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து காதலி திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார், ஒரு செய்தி அனுப்பலாமா என்று தயங்குகிறார், குடிக்கிறார். ஆனால் அவருடைய எண்ணங்கள் எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே நிமிடத்தில் வேறிடங்களில் இருக்கும் மனிதர்களை ஓவியங்கள் காட்டிக்கொண்டு போகின்றன. எழுத்து ஒருவருடையது, படம் இன்னொருவருடையது, இரண்டும் ஒரே கட்டத்தில். முதல் ஐம்பது பக்கங்களுக்குப் பொறுமை வேண்டும். அதன்பிறகு கண் பழகிவிடுகிறது.

எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்', இரண்டாம் பாகம், 2024. 2017இல் வந்த முதல் பாகத்தின் தொடர்ச்சிக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தேன். சிறுமி கேரனின் மாடிவீட்டில் வாழ்ந்த அங்கா எப்படி இறந்தார், கேரனின் அண்ணன் டீஸ் எதை மறைக்கிறான் என்று முதல் பாகம் போட்ட முடிச்சுகளில் பலவும் இறுகியபடியே நிற்க, நூல் முடிந்துவிடுகிறது. ஓவியங்கள் முன்போலவே அபாரமானவை. கதையளவில் எனக்கு ஏமாற்றமே.

இரவுவாசகி:

நண்பர் நாற்கட்டம் அவர்களுக்கு, 'மோனிகா' பற்றி எழுதியதை இரண்டுமுறை வாசித்தேன். அந்த வானொலிப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் செய்தேன். ஆனால் மூன்றாவது மதிப்புரையில் நீங்கள் வகுத்த விதியை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஓவியங்கள் முன்போலவே அபாரமானவை' என்ற வரிக்கும், நீங்கள் குறைபட்டுக்கொண்ட 'கண்ணைக் கவர்கின்றன' என்ற வரிக்கும் என்ன வேறுபாடு? அந்த நூலில் ஒரு பக்கத்தைக்கூட நீங்கள் காட்டவில்லை.

அது 1968இன் சிகாகோவில் வாழும் பத்து வயதுச் சிறுமி கேரன் எழுதி வரையும் குறிப்பேடு. உண்மையாகவே குறிப்பேடுதான்: ஒவ்வொரு பக்கத்திலும் நீலக் கோடுகளும், ஓரத்தில் கம்பிச்சுருளுக்கான துளைகளும் உண்டு. பக்க எண்கள் கிடையாது. வழக்கமான கட்டங்கள் மிகக் குறைவு. ஒரு முகம் பக்கம் முழுவதையும் நிறைத்துக்கொண்டிருக்க, அந்த முகத்தின் கூந்தலுக்குள்ளேயே அடுத்த உரையாடல் தொடங்கிவிடும். தன்னை ஓநாய்ச் சிறுமியாகவே எண்ணிக்கொள்ளும் கேரன், கீழ்த்தாடையிலிருந்து மேல்நோக்கி நீண்ட இரண்டு கோரைப்பற்களோடு, துப்பறிவாளர் அணியும் நீண்ட மேலங்கியில் தன்னை வரைந்துகொள்கிறாள். ஒரு பிள்ளையின் குறிப்பேட்டில் துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தை எதிர்பார்த்து அமர்ந்திருப்பது சரியா என்பதுதான் என் கேள்வி. பெரியவர்கள் சொல்ல மறுப்பதை அவள் எப்படி எழுத முடியும்?

அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாற்பதாவது வயதையொட்டிக் கொசுக்கடியால் வெஸ்ட் நைல் காய்ச்சலுக்கு ஆளான ஃபெரிஸ், இடுப்புக்குக் கீழே அசைவையும் வரையும் கையின் பயன்பாட்டையும் இழந்தார். விரல்களில் பேனாவை நாடாவால் ஒட்டிக்கொண்டு மறுபடியும் வரையப் பழகினார். நூலைப் பெரும்பாலும் பால்பாயிண்ட் பேனாவால், ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறிய குறுக்குக் கோடுகளால் வரைந்திருக்கிறார். வாழ்க்கைத் துன்பத்துக்காக ஒரு நூலுக்குக் கூடுதல் மதிப்பெண் தரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கன்னத்தின் நிழலுக்கு எத்தனை நூறு கீறல்கள் சென்றிருக்கின்றன என்று அருகில் வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

என் பங்குக்கு ஒரு நூல்: கேட் பீட்டனின் 'டக்ஸ்', 2022, ட்ரான் அண்ட் குவார்டர்லி வெளியீடு. கல்விக் கடனை அடைப்பதற்காகக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநில எண்ணெய் மணல் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போன இரண்டு ஆண்டுகளைப் பற்றிய தன்வரலாறு. ஆண்கள் பெருங்கூட்டமாகவும் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவும் இருக்கும் முகாம்களில் நடப்பவற்றை, வன்கொடுமை உட்பட, காட்சிப்பொருளாக்காமல் சொல்கிறார். பெரும்பாலான பக்கங்கள் சாம்பல் நிறத்தில், சிறிய கட்டங்களில், இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதாக மட்டுமே இருக்கும். திடீரென்று ஒரு பக்கத்தைத் திருப்பினால் பிரம்மாண்டமான இயந்திரம் ஒன்று நின்றிருக்கும். மனிதர்கள் அதன் காலடியில் எறும்பளவு. அவ்வளவு நேரமும் பேச்சுச் சத்தத்தில் நாம் மறந்திருந்த இடம் எது என்பது அப்போது நினைவுக்கு வரும். 2008இல் சுரங்கக் கழிவுநீர்க் குட்டையில் இறங்கிய 1600க்கும் மேற்பட்ட வாத்துகள் இறந்த நிகழ்வுதான் தலைப்புக்குக் காரணம். அந்த வாத்துகளுக்காக உலகமே பதறியதையும், அங்கே உழைத்த மனிதர்களுக்கு நேர்ந்தவை பேச்சற்றுப் போனதையும் பீட்டன் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

பழையஇதழ்:

இருவருடைய மதிப்புரைகளுக்கும் நன்றி. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும் என்று தோன்றுகிறது. ஃபேண்டாகிராஃபிக்ஸ் 1976 முதல் இயங்கிவரும் பதிப்பகம்; உலகெங்கும் நூல்களை அனுப்புகிறது. அதன் வெளியீட்டையும், ஒருவர் தம் மேசையில் மடித்து ஸ்டேபிள் அடித்து விற்கும் எட்டுப் பக்க இதழையும் ஒரே 'சுயாதீன' என்ற சொல்லால் அழைப்பது எந்த அடிப்படையில்?

என்னுடைய புரிதல் இதுதான்: அடிப்படை பதிப்பகத்தின் பருமன் இல்லை, படைப்பின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே. பெருநிறுவனக் காமிக்ஸில் பாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம்; எழுதுகிறவரும் வரைகிறவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மாற்றாக டேவ் சிம் 1977இல் தொடங்கிய 'செரிபஸ்' 2004 வரை 300 இதழ்களாகத் தனிமனிதப் பிடிவாதத்தில் வெளிவந்தது. 1984இல் இரண்டு இளைஞர்கள் கறுப்பு வெள்ளையில் 3000 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்ட ஆமைகளின் கதையான 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' பின்னாளில் உலகறிந்த வணிகப் பெயரானது. ஜெஃப் ஸ்மித் 1991இல் தாமே பதிப்பித்துத் தொடங்கிய 'போன்' 55 இதழ்களில் 2004இல் நிறைவடைந்தது. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, ஒரு பக்கத்தை மாற்றச் சொல்ல மேலே யாரும் இல்லை என்ற நிலைதான். 1992இல் ஓவியர்கள் சேர்ந்து தொடங்கிய இமேஜ் காமிக்ஸில்கூட உரிமை படைப்பாளியிடமே இருப்பதால் அதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் உண்டென்று அறிவேன்.

மதிப்புரைக்கு இது ஏன் முக்கியம் என்றால், மேலே யாரும் இல்லை என்பதன் நன்மையும் தீமையும் பக்கத்திலேயே தெரியும். 'சண்டே' போன்ற நூலை எந்தப் பெருநிறுவன ஆசிரியரும் 470 பக்கங்களுக்கு விட்டிருக்க மாட்டார். அதே வேளையில், ஒரு நல்ல பதிப்பாசிரியர் இருந்திருந்தால் சில நூல்களின் நடுவில் நூறு பக்கங்கள் குறைந்திருக்கும் என்பதும் உண்மை. 'செரிபஸ்' இதழ்களின் பிற்பகுதியில் ஓவியத்தையே ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நெடுநெடுவென்று உரைநடை ஓடும் பக்கங்கள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

மைத்தடம்:

நான் மதிப்புரை எழுதுகிறவன் அல்லன். சிறிய காமிக்ஸ்களை வரைந்து, அச்சிட்டு, தைப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எளிய வடிவம் ஒரே தாளில் முடிந்துவிடும்: தாளை மூன்றுமுறை மடித்து, நடுவில் ஒரேயொரு வெட்டுப் போட்டால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும், ஸ்டேபிள்கூட வேண்டாம். அதற்கு மேலே போனால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். என் சென்ற இதழ் பதினாறு பக்கங்கள். ரைசோகிராஃப் இயந்திரத்தில் இரண்டு நிறங்களில் அச்சிட்டேன். அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உருளை. நான் பயன்படுத்தியதில் ஒரு நேரத்தில் ஓர் உருளைதான் பொருந்தும் என்பதால், முதலில் நீலத்தை எல்லாத் தாள்களிலும் ஏற்றி, ஒருநாள் காயவிட்டு, மறுநாள் சிவப்பை ஏற்றினேன். தாள் உள்ளே போகும்போது மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பு நீலத்தோடு பொருந்தாமல் விலகி நிற்கும். எந்த இரண்டு பிரதியும் ஒன்றுபோல் இருக்காது. அதன் மை தாளில் எளிதில் காய்வதில்லை. அடர்த்தியாக மை ஏறிய பக்கத்தை அழுத்திப் பிடித்தால் விரலில் ஒட்டும். இவை தெரிந்தே வரைகிறோம். விலகினாலும் கெட்டுவிடாத உருவங்களுக்கு மட்டும் இரண்டாவது நிறத்தை வைக்கிறோம்.

அந்த இதழில் நடுப்பக்கம் ஒன்று உண்டு. ஸ்டேபிள் அடித்த இதழில் நடுப்பக்க விரிப்பு மட்டும்தான் ஒரே தாள். மற்ற எல்லா இடத்திலும் எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாள்களைச் சேர்ந்தவை. அதனால் பிரிந்துபோன இரண்டு சகோதரிகளை அந்த ஒரே தாளில் வரைந்து, இருவருக்கும் நடுவே இரண்டு ஸ்டேபிள் கம்பிகளும் வரும்படி அமைத்தேன். ஒருவர் தம் மதிப்புரையில் 'நடுவில் வெறுமையாக விட்டதைத் தவிர்த்திருக்கலாம், மற்றபடி ஓவியங்கள் அழகு' என்று எழுதினார். அதை வாசித்த அன்று நான் எதையும் வரையவில்லை. கணினித் திரையில் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. திரையில் கம்பிகள் தெரியாதல்லவா! இரண்டு மாதங்கள் கழித்து இன்னொரு வாசகர், நான்கே வரிகளில், 'தைத்த கம்பிதான் அவர்களைப் பிரிக்கவும் செய்கிறது, சேர்த்துப் பிடிக்கவும் செய்கிறது' என்று எழுதியிருந்தார். அந்த நான்கு வரிகளை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஆகவே நண்பர் நாற்கட்டத்தின் விதியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்: தாளில் வாசித்தீர்களா, திரையில் வாசித்தீர்களா என்பதையும் மதிப்புரையில் குறிப்பிடுங்கள்.

மொழிக்கூடு:

எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். இங்கே குறிப்பிடப்பட்ட 'டக்ஸ்' நூலில் கனடாவின் அட்லாண்டிக் கரையோர மக்களின் பேச்சுவழக்கு, உரையாடலை அடைக்கும் பலூன்களுக்குள் அப்படியே வருகிறது. ஊரைவிட்டு வேலைக்கு வந்த ஒருவர் வாய் திறந்ததுமே, இவர் நம் பக்கத்தவர் என்று மற்றவர் உணர்ந்துகொள்வதில்தான் அந்த நூலின் ஈரமெல்லாம் இருக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவர முயல்கிறவர், எல்லாரையும் ஒரே பொதுத்தமிழில் பேசவைத்தால் நூலின் பாதி போய்விடும். நம்முடைய ஏதோ ஒரு வட்டார வழக்கைத் தூக்கிப் பொருத்தினால் அவர்கள் வேறு ஊர்க்காரர்களாகிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த வழி, வழக்கின் சொற்களை விட்டுவிட்டு அதன் நெருக்கத்தை மட்டும் பிடிப்பது: அழைப்புச் சொற்கள், பாதியில் நிறுத்தும் வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சிறு விகுதிகள்.

இன்னொரு சிக்கல் இடம். ஆங்கிலத்தில் நான்கு சிறு சொற்களாக, நான்கு வரிகளில் ஒடிந்து நிற்கக்கூடிய ஒன்று, தமிழில் ஒரே நீண்ட சொல்லாகச் சேர்ந்துவிடும். குறுகலான நீள்வட்டப் பலூனுக்குள் 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ஒன்று எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது சொல்லை முறிக்க வேண்டும். எமில் ஃபெரிஸின் நூலில் இது இன்னும் கடினம். அங்கே எழுத்தும் அதே பேனாவால், அதே கையால் எழுதப்பட்டது. கணினி எழுத்துருவை அங்கே வைத்தால், குறிப்பேட்டை வேறு யாரோ நிரப்பியதுபோல் ஆகிவிடும். மொழிபெயர்ப்புக் காமிக்ஸ்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் எழுத்தமைத்தவர் பெயரையும், எழுத்து பலூனுக்குள் மூச்சுவிட முடிகிறதா என்பதையும் ஒரு வரியாவது எழுதினால் அந்தப் பணியைச் செய்கிறவர்களுக்கு நன்றி சொன்னதாக இருக்கும்.

நாற்கட்டம்:

எல்லாருக்கும் நன்றி. இரவுவாசகி சுட்டிக்காட்டியது சரியே. மூன்றாவது மதிப்புரையை நான் எரிச்சலில் எழுதினேன். இரண்டு பாகங்களையும் மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன், இந்தமுறை கதையைத் துரத்தாமல் வாசிக்கப் போகிறேன். நண்பர் மைத்தடம் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்: 'சண்டே'யை நான் திரையில்தான் வாசித்தேன். அதன் நீலத்தையும் சிவப்பையும் பற்றி நான் எதுவும் எழுதாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அதற்குள் ஒரு கேள்வி. நூறு பிரதிகள்கூட அச்சிடாத ஒரு நூலில் குறை இருந்தால் அதை எழுதலாமா? பெரிய பதிப்பகத்தின் நூல் ஒரு கடுமையான மதிப்புரையைத் தாங்கிக்கொள்ளும். தனியாள் ஒருவர் செய்த நூலுக்கு வருவதே ஒரேயொரு மதிப்புரையாக இருந்து, அதுவும் குறை சொல்வதாக இருந்துவிட்டால்? இதனாலேயே பிடிக்காத சிறுநூல்களைப் பற்றி நான் எழுதாமலே விட்டுவிடுகிறேன்.

மைத்தடம்:

எழுதாமல் விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதல் இதழை வெளியிட்டபோது பதினொரு பேர் வாங்கினார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு ஒரு நண்பர் என் முன்னால் உட்கார்ந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, நான்காம் பக்கத்தில் அவர் கண் இடப்பக்க மேல் கட்டத்திலிருந்து வலப்பக்கம் போகாமல் நேரே கீழே இறங்கியது. கீழ்க்கட்டத்தின் பலூன் மேல்நோக்கி நீண்டு அவரை இழுத்துவிட்டது. மறுமொழிக்கு முன்னால் இருந்த கேள்வியைத் தவறவிட்டு, கதை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்காகச் சிரித்தார். பதினொரு பேருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதை ஒருவராவது எழுதியிருந்தால் இரண்டாம் இதழில் அதே தவற்றை நான் செய்திருக்க மாட்டேன். குறையைச் சொல்லுங்கள், எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் என்று காட்டிச் சொல்லுங்கள். 'முதிர்ச்சி போதாது' என்று எழுதினால் நான் எதைத் திருத்துவது?

இரவுவாசகி:

மைத்தடம் அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'ஆரம்பகால முயற்சி என்பதால் மன்னிக்கலாம்' என்று எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். அதைவிட மரியாதைக் குறைவானது வேறில்லை.

நாற்கட்டம்:

ஒன்பது நாட்கள் கழித்து வருகிறேன். மூன்றாவது மதிப்புரையை விலக்கிக்கொண்டு, அதன் இடத்தில் இதை வைக்கிறேன். தாளில் வாசித்தது.

எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்', இரண்டாம் பாகம், 2024. முதல் பாகத்தை முடித்த கையோடு, இடைவெளி விடாமல் இதை வாசிக்க வேண்டும். அங்காவின் ஒலிநாடாக்களிலிருந்து கேரன் கேட்டு எழுதும் பகுதிகளில், அவள் ஒருபோதும் பார்த்திராத நாட்டையும் மனிதர்களையும் வரைகிறாள். பத்து வயதுப் பிள்ளை காதால் கேட்டதைக் கையால் கண்டுபிடிக்கிறாள் என்பதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவே இல்லை. அண்ணனின் முகம் வரும் பக்கங்களை மட்டும் தனியே புரட்டிப் பார்த்தேன். அருகில் வைத்தால் அவை வெறும் பேனாக் கீறல்களின் காடு. நீலக் கோடுகள் கண்ணுக்குள்ளும் உதட்டின் மீதும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். கை நீளத்துக்கு விலக்கினால் ஒரு மனிதர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவன் எதை மறைக்கிறான் என்று கேரன் எழுதுவதைவிட, அந்தக் கண்களுக்குக் கீழே அவள் மறுபடி மறுபடி கீறியிருக்கும் கருமை கூடுதலாகச் சொல்கிறது. முடிச்சுகள் பல அவிழாமல் நிற்கின்றன என்ற குறையை நான் விலக்கிக்கொள்ளவில்லை. இறுதிப் பகுதி அவசரமாக முடிந்ததாகவே இப்போதும் படுகிறது. பக்க எண் இல்லாததால் நான் சொல்லும் பக்கத்தைத் தேட நீங்கள் நூல் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும். கூடத்து விளக்கு போதாது, பகல் வெளிச்சத்தில் புரட்டுங்கள்.